எண்ணாமல் விட்ட தாள்

தம்பி,

நீ கேட்ட என் பழைய வகுப்பு நோட்டுகள் மூன்றும் இந்தப் பார்சலில் இருக்கின்றன. போன வாரம் நீ போனில் கேட்டபோது, தேடிப் பார்க்கிறேன் என்றேன். தேடவே வேண்டியதில்லை. பீரோவின் கீழ்த்தட்டில், உன் அப்பாவின் பட்டா காகிதங்களுக்கு அடியில், பதினாறு வருஷமாக ஒரே இடத்தில்தான் கிடக்கின்றன. எங்கே வைத்தேனோ தெரியவில்லை என்று இழுத்தேனே, அது பொய். இதைவிடப் பெரிய பொய் ஒன்றைப் பற்றி இந்தக் கடிதத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் சின்னதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் உங்கள் குழுவோடு பாச்சலூர், தாண்டிக்குடிப் பக்கத்துப் பள்ளிகளுக்கு வரப்போகிறாய். எந்த முறையில் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகளுக்குப் பேச்சும் எழுத்தும் யோசனையும் வளர்கின்றன என்று ஒரு வருஷம் சோதித்துப் பார்க்கப் போகிறீர்கள். உன் குரலில் அவ்வளவு சந்தோஷம். எனக்கும்தான். அதன் பிறகு நீ ஒன்று சொன்னாய். “கணக்குப் போட்டுப் பாக்குற சோலி மட்டுந்தாம்மா எனக்கு. பிள்ளைகளுக்குக் கேள்வி எழுதுறது, அறிக்கை எழுதுறதெல்லாம் கூட இருக்கறவங்க பாத்துக்குவாங்க. எனக்குத்தான் எழுத்து வராதே.” சிரித்துக்கொண்டே சொன்னாய். நானும் கூடச் சிரித்தேன். போனை வைத்துவிட்டு அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பருப்பு அடிப்பிடித்து, உன் அப்பா வந்துதான் அடுப்பை அணைத்தார். போனில் சொன்னால் நடுவில் புகுந்து “விடும்மா” என்பாய், நானும் விட்டுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். மே மாதத்தோடு எனக்கு ஓய்வு. அதற்குள் திருத்த வேண்டிய தாள் ஒன்று பாக்கி இருக்கிறது.

நீ ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம் அது. அதற்கு முன்னால் நான் எப்படிப் பாடம் நடத்தினேன் என்று உனக்குத் தெரியாது, சொல்கிறேன். நான் ஒரு வரி வாசிப்பேன், பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். கேள்வியையும் பதிலையும் கரும்பலகையில் எழுதிப் போடுவேன், பார்த்து எழுதுவார்கள். வகுப்பு முழுக்கச் சத்தம் ஒரே சீராக வரும், கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஒரு நாள் அதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். முன் வரிசையில் இருந்த பையனை எழுப்பி, காலையில் வரும் வழியில் என்ன பார்த்தாய் என்று கேட்டார். அவன் திருதிருவென்று விழித்துவிட்டு, “அது எத்தனாவது பாடம் சார்?” என்று கேட்டான். அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. அன்று அந்த வழியில் ஒரு காட்டெருமை நின்று, ஊரே ஒரு மணி நேரம் வெளியே வராமல் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைக்கு அதைச் சொல்லத் தோன்றவில்லை. பாடத்தில் இல்லாததைச் சொல்லக் கூடாது என்று நான்தான் பழக்கி வைத்திருந்தேன்.

சிரித்து முடித்த அதிகாரி நல்ல மனிதர். கொடைக்கானலில் நடந்த பயிற்சிக்கு என்னை அனுப்பி வைத்தார். அங்கே சொல்லிக் கொடுத்த புது முறையை உங்கள் பள்ளியிலேயே சோதித்துப் பாருங்கள் என்றார். அந்த வருஷம் ஐந்தாம் வகுப்பில் இரண்டு பிரிவு. ஒன்றில் புது முறை, ஒன்றில் பழைய முறை. ஆரம்பத்தில் ஒரு தேர்வு, முடிவில் ஒரு தேர்வு, அதன் பிறகு ஓர் அறிக்கை. நன்றாக வந்தால் மலையில் உள்ள மற்றப் பள்ளிகளிலும் செய்யலாம் என்றார். பழைய முறைப் பிரிவு சகாயம் சாருடையது. உனக்கு அவரை நினைவிருக்கும். கொடைக்கானலிலிருந்து முதல் பஸ்ஸில் ஃபிளாஸ்க்கும் குடையுமாக வந்து இறங்குவாரே, அவர்தான். அவரிடம் படித்த பிள்ளைகளின் கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும். இந்தச் சோதனை விஷயத்தைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. எப்போதும் நடத்துகிறபடிதான் நடத்துவேன், அதற்குத்தானே என்னை வைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் சொன்னார். அவர் எப்படி நடத்துகிறார் என்பது பற்றி எனக்கு ஏளனம் இருந்தது. அது அவருக்கும் தெரிந்திருக்கும்.

என் பிரிவில் காலை முதல் அரை மணி நேரம் புத்தகம் திறக்கக் கூடாது. ஒரு பிள்ளை எழுந்து தான் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கேள்வி கேட்க வேண்டும், ஆமாம் இல்லை என்று பதில் வருகிற கேள்வி கேட்கக் கூடாது. பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம், ஆனால் மறுநாள் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். கடைசியில் எல்லோரும் அதைப் பற்றி எழுத வேண்டும். முறை என்று சொன்னால் இவ்வளவுதான். நோட்டில் பெரிய பெரிய வார்த்தைகளில் எழுதி வைத்திருப்பேன், அதைப் பார்த்து ஏமாறாதே.

பிள்ளைகளைப் பிரிக்கச் சீட்டுக் குலுக்கினோம். நீ என் பிரிவில் விழுந்தாய். மதியம் சத்துணவுக் கூடத்துப் பக்கம் போனபோது யாரோ பேசியது காதில் விழுந்தது. டீச்சர் மகனுக்கு டீச்சர் வகுப்பே விழுந்துவிட்டது பார்த்தீர்களா என்று ஒரு குரல், அதற்கு ஒரு சிரிப்பு. அவ்வளவுதான். அது எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. உனக்குத்தான் தெரியுமே, என்னை யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. சாயங்காலம் எல்லோரும் போன பிறகு பட்டியலில் உன் பெயரை அடித்துவிட்டுச் சகாயம் சார் பிரிவில் எழுதினேன். எண்ணிக்கை சரியாக வரவேண்டுமே என்று அங்கிருந்து முத்துமாரி என்ற பிள்ளையின் பெயரை என் பிரிவுக்கு இழுத்துக்கொண்டேன். நான் நேர்மையாக நடந்துகொண்டதாகவே அன்றைக்கு நினைத்தேன். சொந்த மகனுக்கு நல்லதைக் கொடுக்காமல் இருந்தால் அது நேர்மை என்று ஒரு கணக்கு எனக்கு.

உன் அப்பாவிடம் மட்டும் சொன்னேன். அவர் பரணிலிருந்து விதைப்பூண்டுக் கட்டுகளை இறக்கி, புகை படிந்த தோலை ஊதி ஊதிப் பல் பிரித்துக்கொண்டிருந்தார். அந்த வருஷம் அவரும் ஒரு சோதனை செய்துகொண்டிருந்தார். மேல்மலையில் ஒரு சொந்தக்காரர் கொடுத்த புது விதையை, நம் வீட்டு விதையோடு ஒரே பாத்தியில், ஒரு வரிசை பழசு ஒரு வரிசை புதுசு என்று நடுவதாக இருந்தார். நம் ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், அதை யாரும் அவர்களுக்குப் பயிற்சி வைத்துச் சொல்லித் தரவில்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “சீட்டுல விழுந்தத நீ எதுக்கு மாத்துன? ஒரே பாத்தியில நட்டாத்தான் வெதையப் பத்தித் தெரியும். ஆளப் பாத்து மாத்தி மாத்தி நட்டா, நட்டவனப் பத்தித்தான் தெரியும்” என்றார். எனக்குக் கோபம் வந்தது. பிள்ளைகள் என்ன பூண்டா என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, நீதான் டீச்சர், நான் பூண்டுக்காரன் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். அந்தப் பேச்சில் நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துத் தூங்கினேன்.

முறை வேலை செய்தது, தம்பி. அதில் பொய் இல்லை. முத்துமாரியின் அப்பா அம்மா பேத்துப்பாறையிலிருந்து கூலி வேலைக்கு நம் ஊருக்கு வந்து தங்கியவர்கள். முதல் மூன்று மாதம் அந்தப் பிள்ளை வாயே திறக்கவில்லை. ஒரு நாள் எழுந்து, முட்டைக்கோஸ் ஏற்றி வந்த ஜீப் ஒன்று வழுக்கி வாய்க்காலில் இறங்கியதைச் சொன்னாள். இரண்டே வரி. மேல் வளைவில் வழுக்காமல் அந்த இடத்தில் மட்டும் ஏன் வழுக்கியது என்று ஒருவன் கேட்டான். தெரியாது என்றாள். மறுநாள் வெள்ளனே கிளம்பிப் போய் அந்த இடத்தில் நின்று பார்த்திருக்கிறாள். தண்ணீர்க் குழாய் உடைந்து ரோட்டில் பாசி பிடித்திருக்கிறது, மேல் வளைவில் பாசி இல்லை என்று வந்து சொன்னாள். ஒரு பக்கம் எழுதவும் எழுதினாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன், உனக்கே காது புளித்திருக்கும். நீ எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாய். அவள் உட்கார்ந்திருந்த இடம் உன்னுடையது என்பது உனக்குத் தெரியாது.

இதில் நான் செய்த இன்னொரு காரியம் இருக்கிறது. சாயங்காலம் பள்ளிவிட்டு வந்து, நீ சகாயம் சார் கொடுத்த காப்பி எழுதி முடித்துவிட்டு அடுப்புக்குப் பக்கத்தில் குளிர்காய வந்து உட்காருவாய். மறுநாள் வகுப்பில் என்ன கேட்கலாம் என்று யோசித்ததையெல்லாம் நான் முதலில் உன்னிடம்தான் கேட்டுப் பார்ப்பேன். மூடுபனி ஏன் பள்ளத்திலிருந்து ஏறி வருகிறது, பூண்டை ஏன் புகையில் தொங்கவிடுகிறோம், ஒரே மரத்தில் ஒரு பக்கத்து இலை மட்டும் ஏன் சின்னது. நீ பதில் சொல்லிவிட்டு என்னைத் திருப்பிக் கேட்பாய். நீ மடக்கிய கேள்விகளைத்தான் நான் மறுநாள் வகுப்புக்கு எடுத்துப் போவேன். நோட்டில் பாதிக் கேள்விகள் உன்னுடையவை, அதில் உன் பெயர் எங்கேயும் இருக்காது. ஒரு நாள், “எங்க சார் ஏம்மா எங்களை இப்படிக் கேக்க மாட்டேங்கறாரு?” என்று கேட்டாய். சாப்பாடு ஆறுகிறது, சாப்பிடு என்றேன்.

அதற்கு ஒரு மாதம் கழித்துச் சகாயம் சார் என்னிடம் வந்து, உங்கள் மகன் ஒன்றுக்குப் போக அனுமதி கேட்டுவிட்டு, பின்பக்க வழியில் போகாமல் உங்கள் வகுப்பைச் சுற்றிக்கொண்டு போகிறான், ஜன்னலோரம் நின்று கேட்டுவிட்டு வருகிறான், நான் கண்டுகொள்வதில்லை என்று சொன்னார். அதைக் கேட்டு எனக்கு நெஞ்சு வலித்தது. இன்றைக்கு எழுதும்போதும் வலிக்கிறது. ஆனால் அன்றைக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா, ஜன்னல் கதவைச் சாத்தி வைத்தேன். சோதனை கெட்டுவிடக் கூடாதாம்.

மார்ச்சில் கடைசித் தேர்வு. வாசித்துக் காட்டுவது ஒன்று, எழுதுவது ஒன்று. எழுதுவதற்குக் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: காலையில் வயலுக்குப் போகிறாய், ஒரு பாத்திப் பூண்டு மட்டும் மஞ்சளாக நிற்கிறது. ஏன் என்று எப்படிக் கண்டுபிடிப்பாய்? அவரவர் பிரிவுத் தாளை அவரவர் திருத்த வேண்டாம், மாற்றிக்கொள்வோம் என்று சகாயம் சார் சொன்னார். அதனால் அவர் பிரிவுத் தாள்கள் என்னிடம் வந்தன. பெரும்பாலும் அப்பாவிடம் சொல்வேன், மருந்தடிப்பேன், தண்ணீர் பாய்ச்சுவேன் என்று ஒற்றை வரிப் பதில்கள், அழகான கையெழுத்தில். கட்டின் நடுவில் உன் தாள் இருந்தது. நீ எழுதியதை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

“முதலில் யார் கடைசியாகத் தண்ணீர் விட்டார்கள் என்று கேட்பேன். பிறகு மஞ்சள் பாத்தியில் ஒரு பூண்டைப் பிடுங்கி வேரைப் பார்ப்பேன். பச்சையாக இருக்கிற பாத்தியிலும் ஒன்றைப் பிடுங்கிப் பார்ப்பேன். மஞ்சளை மட்டும் பார்த்தால் வேர் எப்போதும் அப்படித்தான் இருக்குமா என்று தெரியாது. பச்சையில் பிடுங்கினால் அப்பா திட்டுவார். ஆனாலும் ஒன்று பிடுங்கித்தான் ஆக வேண்டும். தெரிவதற்கு முன்னால் யாரையும் குறை சொல்ல மாட்டேன்.”

பத்து வயதுப் பிள்ளை, தம்பி. பயிற்சியில் எங்களுக்கு மூன்று நாள் சொல்லிக் கொடுத்ததை நீ அரைப் பக்கத்தில் எழுதியிருந்தாய். மூன்று முறை படித்தேன். முதலில் பெருமை பொங்கியது. என் பிள்ளை என்று எழுந்து நின்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. அடுத்த நிமிஷமே பயம் பிடித்துக்கொண்டது. பார்த்து எழுதியே பழகிய பிரிவில் இப்படி ஒரு தாள் எப்படி வந்தது என்று அதிகாரி கேட்பார். யார் பிள்ளை என்று கேட்பார். சீட்டை மாற்றியது வெளியே வரும். அதோடு, இந்த ஒரு தாள் சகாயம் சார் பிரிவைத் தூக்கிவிடும், என் பிரிவு ஜெயித்தது இல்லையென்று ஆகிவிடும் என்று மனசுக்குள் ஒரு அரிப்பு. உன் தாளைக் கட்டிலிருந்து உருவி என் பைக்குள் வைத்தேன். பட்டியலில் உன் பெயருக்கு நேராக, தேர்வுக்கு வரவில்லை என்று எழுதினேன்.

சகாயம் சார் தாள்களை எண்ணிப் பார்க்கிற ஆள். ஒன்று குறைகிறதே என்று கேட்டார். என்னிடம் பதில் தயாராக இருந்தது. வீட்டில் அவனுக்கு என்னோடு பேசிப் பேசி எல்லாம் தெரிந்திருக்கிறது, அவனை உங்கள் பிரிவில் எண்ணினால் கணக்குத் தப்பாகும் என்றேன். அது உண்மைதான், நீ இன்றைக்குக் கணக்குப் போட்டாலும் அப்படித்தான் சொல்வாய். அவரும் அதை மறுக்கவில்லை. “நீங்க சொல்றது சரிதாங்க டீச்சர். அதை அப்படியே அறிக்கையில எழுதிருங்க. வரலைன்னு மட்டும் எழுதாதீங்க. அவன் வந்தான். மொத பெஞ்சில உக்காந்து எழுதினான்” என்றார். நான் சரி என்றேன். மாற்றி எழுதவில்லை. அவர் அதன் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை.

முடிவைப் பிள்ளைகளுக்கு வாசித்துச் சொன்ன அன்று நீ என் பின்னாலேயே வீட்டுக்கு நடந்து வந்தாய். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, “அம்மா, என் பேப்பரு என்னாச்சு?” என்று கேட்டாய். உண்மையைச் சொல்லியிருக்கலாம். நீ நன்றாக எழுதியிருந்தாய், நான் ஒரு தப்புச் செய்துவிட்டேன் என்று பத்து வயதுப் பிள்ளையிடம் சொன்னால் என்ன குறைந்துவிடப் போகிறது? ஆனால் நான் சொன்னது இது: “கேட்டது ஒண்ணு, நீ எழுதினது ஒண்ணு. கதையளந்து வச்சிருக்க. அதான் சேர்க்கல.” நீ “சரிம்மா” என்றாய். எப்போதும் திருப்பிக் கேட்கிற பிள்ளை அன்றைக்குக் கேட்கவில்லை. அதையும் நான் கவனித்தேன்.

அதன் பிறகு நீ அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தாலும் என் கேள்விக்குத் தெரியலைம்மா என்று சொல்லிவிடுவாய். ஆறாம் வகுப்பில் கட்டுரை என்றால் ஐந்து வரி. விடுதியிலிருந்து வந்த கடிதங்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒரு பக்கம் வராது. நலம், கம்பளி கிடைத்தது, லீவு பத்தாம் தேதி. கணக்கில் மட்டும் நூற்றுக்கு நூறு, அதில் யாரும் கதையளந்தாய் என்று சொல்ல முடியாதே. கல்லூரி விண்ணப்பத்தில் உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருந்தார்கள். எனக்கு வராதும்மா, நீயே எழுதிக் கொடு என்றாய். நான் எழுதிக் கொடுத்தேன். அன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் அந்த அறிக்கையால் எனக்கு நல்ல பெயர் வந்திருந்தது. தாண்டிக்குடிக்கும் பாச்சலூருக்கும் என்னைக் கூப்பிட்டு மற்ற டீச்சர்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னார்கள். ஜீப்பில் குலுங்கிக் குலுங்கிப் போய் முத்துமாரி கதையைச் சொல்வேன், கைதட்டுவார்கள். ஒவ்வொரு தடவை கைதட்டும்போதும் உன்னிடம் சொல்வது இன்னும் கொஞ்சம் கஷ்டமாகிப் போனது.

இனி, இந்த வாரம் நடந்தது. நீ போன் செய்த மறுநாள் நோட்டுகளை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் தாளுக்கு என்ன மார்க் போட்டிருப்பேனோ அதை, முழு மார்க்கையே, சகாயம் சார் பிரிவில் சேர்த்துக் கூட்டினேன். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்த்ததில்லை. போட்டால், அப்போதும் என் பிரிவுதான் முன்னால் இருக்கிறது, தம்பி. கொஞ்சம் இறங்குகிறது, அவ்வளவுதான். ஒரு தாள் ஒன்றும் செய்துவிடாது என்று நான் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சராசரி சொல்லிக் கொடுத்தவள். அந்தப் பயத்துக்குக் காரணமே இல்லை. காரணமே இல்லாமல் உன்னிடமிருந்து அதை எடுத்துவிட்டேன். மார்க்கைச் சொல்லவில்லை நான், உன் எழுத்தைச் சொல்கிறேன். கடலை உடைத்துக்கொண்டிருந்த உன் அப்பாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தாளை ஒளித்தது அவருக்கும் அன்றைக்குத்தான் தெரியும். கையிலிருந்த கடலையை முறத்தில் போட்டுவிட்டு, “எங்கிட்டச் சொல்லி என்னாகப் போகுது? அவங்கிட்டச் சொல்லு. வெரசாச் சொல்லு” என்றார். ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானல் போய்ச் சகாயம் சாரையும் பார்த்தேன். காது கொஞ்சம் மந்தம், மற்றபடி நன்றாக இருக்கிறார். நீ என்ன வேலையில் சேர்ந்திருக்கிறாய் என்று சொன்னதும் முகமெல்லாம் சிரிப்பு. பையனிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டார். எதை என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நோட்டுகளை வைத்து நீ எதையாவது எழுதுவதாக இருந்தால் இவற்றையும் சேர்த்து எழுது. சீட்டு மாற்றியது, வரவில்லை என்று எழுதியது, இரண்டையும். என் பெயர் கெடுமே என்று பார்க்காதே. ஓய்வு பெறப் போகிறவளுக்குப் பெயர் எதற்கு? இன்னொன்றும் அறிக்கையில் விட்டுவிட்டேன். வாசித்துக் காட்டும் தேர்வில், நீளமான பத்தியைத் திக்காமல் திணறாமல் படித்தவர்கள் சகாயம் சாரின் பிள்ளைகள்தான். என் பிள்ளைகள் கேள்வி கேட்டே பழகி, பாதியில் நின்று அடுத்ததை யோசித்தார்கள். புது முறை எல்லாவற்றிலும் ஜெயிக்கவில்லை. தோற்ற இடத்தை எழுதியிருந்தால், அவரிடமும் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறதென்று அடுத்த டீச்சருக்குத் தெரிந்திருக்கும். நான் மலை முழுக்கச் சுற்றி அரைகுறையைச் சொல்லிக் கொடுத்து வந்திருக்கிறேன்.

உனக்குச் சொல்வதற்கு என்னிடம் பெரிய புத்திமதி எதுவும் இல்லை, உன் அப்பாவிடமிருந்து இரவல் வாங்கியதுதான் இருக்கிறது. சீட்டில் விழுந்ததை மாற்றாதே, யார் என்ன பேசினாலும். பூண்டு பிடுங்குகிற நாட்களில் பாதிப் பிள்ளைகள் வயலில் இருப்பார்கள், அன்றைக்குத் தேர்வு வைத்துவிட்டு வந்தவர்களை மட்டும் எண்ணிச் சந்தோஷப்படாதே. பழைய முறையில் விழுகிற பிள்ளைகள் யாரென்று அவர்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள். சோதனைக்கு அவர்கள் வேண்டும், அவர்கள் இல்லாமல் எதுவும் தெரியாது, நீயே பத்து வயதில் எழுதிவிட்டாய். ஆனால் வருஷம் முடிந்ததும் அவர்களிடம் போய், இன்னின்ன காரணத்துக்காக உங்களுக்கு இப்படி நடத்தினோம், நீங்கள் எழுதியதைப் படித்தோம் என்று யாராவது சொல்ல வேண்டும். ஜன்னல் வழியாக எந்தப் பிள்ளையாவது எட்டிப் பார்த்தால் கதவைச் சாத்தாதே. சாத்தாமல் குறித்துக்கொள், அதுவும் ஒரு விவரம்தான்.

கேள்வி எழுதுகிற வேலையை நீ அடுத்தவர்களுக்கு விட்டுவிடப் போவதாகச் சொன்னாய். விடாதே. அந்த வருஷம் இந்த மலையில் நல்ல கேள்வி கேட்டவன் நீதான், நான் அதைச் சுமந்துகொண்டு போய் வகுப்பில் இறக்கிவைத்தவள்.

மூன்றாவது நோட்டின் கடைசிப் பக்கத்தில் உன் தாளை வைத்திருக்கிறேன். ஓரம் கொஞ்சம் மஞ்சளாகிவிட்டது, எழுத்து நன்றாகத் தெரிகிறது. என் கைக்கு வந்து, சிவப்பு மை படாத தாள் இது ஒன்றுதான். நேற்று மார்க் போடப் பேனாவை எடுத்தேன், மூடி வைத்துவிட்டேன். அதற்கு மார்க் போடுகிற யோக்கியதை எனக்கு இல்லை. நீ பெரியவனாகிவிட்டாய், நீயே படித்துப் பார்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். உடனே பரவாயில்லைம்மா என்று சொல்லிவிடுவாய், உன் குணம் அது. அதைச் சொல்லாதே. கோபம் வந்தால் கோபத்தையே எழுது. இதற்குப் பதில் போனில் வேண்டாம், காகிதத்தில் வேண்டும். ஐந்து வரியில் முடிக்காதே. எத்தனை பக்கமானாலும் உட்கார்ந்து படிக்கிறேன், இந்தத் தடவை ஒரு தாளையும் எடுத்து மறைக்க மாட்டேன்.

உன் அம்மா